டயலிசிஸ் நடக்கும் வீட்டில் ஜெபக்கூட்டம்: எதை வாசிப்பது, எதைப் பேசாமல் இருப்பது?

மெலிந்தாங் கேர்செல்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தமிழ்ச் சபையின் வீட்டு ஜெபக்குழுவுக்காகக் கேட்கிறேன். மொத்தம் 7 குடும்பம். அதில் ஒரு வீட்டில் அண்ணனுக்கு 2 கிட்னியும் போய்விட்டது. செம்பனைக் குலை வெட்டுகிற வேலை, பல வருடச் சர்க்கரை. 5 மாதமாக டயலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி தெலுக் இந்தானுக்குப் போய்வருகிறார். அவர் மனைவி, அந்த அக்கா, நர்சரியில் நாள்சம்பளம்; அவரை அழைத்துப் போகிற நாளில் சம்பளம் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்தி நான்காம் படிவம், சின்னவன் ஆறாம் ஆண்டு.

அக்கா ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். "எனக்கு ஜெபமே வரவில்லை, கேட்டாலும் அவர் கேட்கப்போவதில்லை" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

குழுவுக்குள் வேறு பிரச்சினை. ஒரு பக்கம் "அந்த வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, குடும்பமாக 3 நாள் உபவாசம் போடவேண்டும்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "நோயாளி வீட்டில் கூட்டமே வேண்டாம், தொந்தரவு" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் 2 மணி நேரம் ஓடுகிறது, அண்ணன் பாதியில் தூங்கிவிடுகிறார்.

பிரசங்கம் வேண்டாம், தயவுசெய்து. எத்தனை நிமிடம், எந்தப் பகுதி, கையில் என்ன கொண்டுபோவது, எதைச் சொல்லக்கூடாது, அதைச் சொல்லுங்கள்.

---

பீடோர் மூப்பர்

தம்பி, கூட்டத்தை நிறுத்தவேண்டாம், சுருக்குங்கள். 30 நிமிடம் போதும்.

வீட்டுக் கூட்டம் ஏன் நீளுகிறது என்றால், பாட்டு ஆறு ஏழு ஆகிவிடும், அப்புறம் சுற்றி எல்லாரும் ஜெபிப்பார்கள், கடைசியில் ஒருவர் "ஒரே ஒரு சின்ன வார்த்தை" என்று எழுந்து நிற்பார். ஆளுக்கு 5 நிமிடம் ஜெபித்தால் 7 பேருக்கு 35 நிமிடம். நோயாளிக்கு அந்த 35 நிமிடமும் தன் நோயையே ஏழு விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிற நேரம். அதனால் ஜெபிப்பது ஒரே ஆள். யார் என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாட்டு இரண்டு, அண்ணன் கேட்கிற பாட்டு, உட்கார்ந்தபடியே. மைக், ஸ்பீக்கர், தம்பூரின் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு சங்கீதம். வாசித்து முடித்ததும் 3 நிமிடம் அமைதி. மூன்று நிமிடம் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம். நம்முடைய ஆட்கள் 40 வினாடியில் "அல்லேலூயா" என்று அமைதியை உடைத்துவிடுவார்கள். அமைதி தாங்கமுடியாமல்தான் தேவையில்லாத பேச்சு எல்லாம் வருகிறது. அதன் பிறகு அந்த ஒருவரின் ஜெபம், எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், முடிந்தது.

முதல் வாரத்துக்குச் சங்கீதம் 13 எடுங்கள். 6 வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். முதல் 2 வசனத்துக்குள் "எதுவரைக்கும்" 4 தடவை வரும். 3, 4 வசனங்களில் விண்ணப்பம். 5ல்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. கவனித்துப் பாருங்கள், 4க்கும் 5க்கும் நடுவில் தாவீதின் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எதிரி அப்படியே இருக்கிறான். கேள்விக்குப் பதிலும் வரவில்லை. மாறாத நிலைமையில்தான் அந்த 5ஆம் வசனம் நிற்கிறது.

எல்லாரும் தவறுகிற இடமும் இதுதான். முதல் 2 வசனத்தை வேகமாகக் கடந்து 5ல் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அக்கா இன்னும் 1ஆம் வசனத்தில் இருக்கிறார். நாம் 5ல் நின்றுகொண்டு "இங்கே வா" என்றால் அவர் எப்படி வருவார்?

அதனால் 2ஆம் வசனம் முடிந்ததும் நிறுத்துங்கள். "இந்த வீட்டில் 'எதுவரைக்கும்' என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். "எதுவரைக்கும் இந்த வேன் காசு", "எதுவரைக்கும் ராத்திரி அரிப்பு" என்று ஒரு வரியில் சொன்னால் போதும். பிள்ளைகளும் சொல்லலாம். ஒரு பள்ளி நோட்டில் தேதி போட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். யாரும் பதில் சொல்லக்கூடாது, ஆறுதல்கூடச் சொல்லக்கூடாது. அந்த நோட்டில் இருப்பதுதான் அன்றைய ஜெபம். ஜெபிக்கிறவர் அதை அப்படியே தேவனிடம் வாசித்தால் போதும்.

அடுத்த வாரங்களுக்கு 42, 43 சேர்த்து. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற வரி 42:5, 42:11, 43:5 என்று 3 தடவை வரும். ஒரு தடவை சொன்னதும் ஆறுதல் ஒட்டிக்கொள்ளவில்லை, அதனால்தான் திரும்பச் சொல்கிறான். அப்புறம் 130. அப்புறம் 22. 88ஐ முதல் மாதத்தில் தொடவேண்டாம்.

---

டயாலிசிஸ் நர்ஸ், ஈப்போ

பாஸ்டர்கள் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். ஜெபக்குழு நல்ல மனதோடு செய்து நோயாளியைச் சிரமப்படுத்துகிற விஷயங்கள்.

ஊசி போடுகிற கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஆபரேஷன் செய்து இரண்டு இரத்தக்குழாயை இணைத்த இடம், வைத்திருப்பார்கள். தொட்டால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அந்தக் கைதான் அவருக்கு உயிர்க்குழாய். அதில் பிரஷர் பார்க்கக்கூடாது, இறுக்கமான கடிகாரம் கூடாது, பாரம் தூக்கக்கூடாது. நம் ஆட்கள் ஜெபத்தில் உணர்ச்சிவசப்பட்டு அதே கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இரத்த ஓட்டம் தடைபட்டால் அடைத்துக்கொள்ளும், மறுபடி ஆபரேஷன். எந்தக் கை என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தலையிலோ மறுபக்கத் தோளிலோ மெதுவாகக் கை வைத்தால் போதும். ஃபிஸ்டுலா இன்னும் தயாராகாமல் கழுத்தில் குழாய் இருந்தால் அந்தக் கட்டு நனையவே கூடாது. குழாய் இருக்கிறவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தால் குழாயை எடுத்தபிறகு கொடுங்கள். அந்த வழியாகக் கிருமி போனால் நேராக இரத்தத்தில் கலக்கும்.

கையில் கொண்டுபோவது. உங்கள் ஊரில் இளநீர் மலிவு, தெரியும். கொண்டுபோகவே கூடாது. வாழைப்பழம், ஆரஞ்சு, துரியான் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னி அதை வெளியேற்றாது, ஏறினால் இருதயம் நின்றுபோகும். ஸ்டார் ஃப்ரூட், நாம் பிளிம்பிங் என்று சொல்வது, கிட்னி நோயாளிக்கு விஷம். ஒரு பழமே போதும், விக்கல் தொடங்கி மயக்கம் வரை கொண்டுபோகும். ஆறுதலுக்குப் போகிறவர்கள் பழக்கூடையோடுதான் போவார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அரிசி, முட்டை, சலவைத்தூள், பிள்ளைகளுக்குப் பசியாறைக்கு ரொட்டி. இல்லையென்றால் கவரில் 20 வெள்ளி (ரிங்கிட்).

அப்புறம் கோப்பி. கூட்டம் முடிந்ததும் அக்கா கோப்பி கலந்து கொடுப்பார், எல்லாரும் குடிக்கும்போது அண்ணனும் ஒரு கிளாஸ் குடிப்பார். சிறுநீர் நின்றுபோனவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே சுமார் 500 மில்லிதான் சொல்லியிருப்பார்கள். சோற்றுக் குழம்பு, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அதற்குள். அவர் முன்னால் 12 பேர் கிளாசைத் தூக்கினால் அவரால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "நாங்கள் குடித்துவிட்டு வந்தோம்க்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முறுக்கு, வறுத்த நெத்திலியும் வேண்டாம். உப்பு ஏறினால் தாகம், தாகம் வந்தால் தண்ணீர்.

நாள் விஷயம். டயலிசிஸ் முடித்து வந்த மாலை பிரஷர் இறங்கியிருக்கும். பாட்டுக்கு எழுந்து நின்றால் கண் இருட்டும், முழங்கால் போட்டு எழுந்தால் விழுவார். வெள்ளி சரியான நாள், புதனும் சரி. ஞாயிறும் திங்களும் சேர்ந்து இடைவெளி நீளம், அதனால் திங்கள் இரவு நீர் ஏறி மூச்சு வாங்கும், திங்களில் வைக்காதீர்கள். பாதியில் தூங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது விசுவாசக் குறைவு இல்லை, இரத்தத்தில் தங்குகிற யூரியா என்ற கழிவு. தூங்கட்டும்.

உபவாசம்: அவர் இருக்கவே கூடாது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். இருக்கவேண்டும் என்றால் குழுவில் ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் இருங்கள், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை வேன் வாடகைக்குக் கொடுங்கள்.

---

விசுவாசவீரன்

எல்லாரும் வியாதியைப் பற்றியே பேசுகிறீர்கள். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்", ஏசாயா 53:5. எதிர்மறையான சங்கீதங்களை அந்த வீட்டில் வாசித்தால் வியாதியின் ஆவிக்கு இடம் கொடுத்தது போலாகும். சுகம் ஆகிவிட்டது என்று அறிக்கை செய்யவேண்டும், விசுவாசித்தால் மிஷினுக்கே போகவேண்டியதில்லை. அக்காவின் சந்தேகம்தான் தடையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

டயாலிசிஸ் நர்ஸ், ஈப்போ

"மிஷினுக்கே போகவேண்டியதில்லை" என்ற வரியை யாரும் அந்த வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நிறுத்தினால் சில நாளில் நுரையீரலில் நீர் கட்டும், பொட்டாசியம் ஏறும். சிறுநீர் நின்றவர் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தைத் தாண்டமாட்டார். சுகம் வந்திருந்தால் இரத்தப் பரிசோதனையில் தெரியும், டாக்டரே நிறுத்துவார். சுகம் பெற்ற குஷ்டரோகியை இயேசு ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொல்லித்தான் அனுப்பினார், மத்தேயு 8:4.

---

லுத்தரன் வாசகன், சுங்கை சிப்புட்

விசுவாசவீரன் பிரதர், நீங்கள் எடுத்த வசனத்திலேயே வருகிறேன். ஏசாயா 53:5ஐப் பேதுரு மேற்கோள் காட்டுகிற இடம் 1 பேதுரு 2:24. யாருக்கு எழுதுகிறார் என்று 18ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். முரட்டு எஜமான்களிடம் அநியாயமாக அடி வாங்குகிற வேலைக்காரர்களுக்கு. அடி நின்றுபோகும் என்று அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. உங்களுக்கு முன்னால் அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய அடிச்சுவட்டில் நடவுங்கள் என்கிறார். தோட்டத்து ஜனங்களுக்கு இந்தப் பகுதியை விளக்கமாகச் சொல்லவே வேண்டியதில்லை.

சாபம், பாவம் பேச்சுக்கு வேதம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. யோவான் 9ல் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?" இரண்டும் இல்லை என்றார். லூக்கா 13ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்றார். யோபின் நண்பர்கள் முதலில் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், 2:13. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று அத்தியாயம் அத்தியாயமாக நிரூபிக்கப் பார்த்தார்கள். கடைசியில் 42:7ல் கர்த்தர் யாரைக் கண்டிக்கிறார்? தன்னோடு வழக்காடின யோபை இல்லை, தனக்காக வழக்காடினவர்களை. உங்கள் குழுவில் சாபம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த இடங்களை அந்த வீட்டுக்குப் போகும் முன்பே, தனியாக வாசித்துக் காட்டுங்கள்.

சுகத்துக்காக ஜெபிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யாக்கோபு 5:14 தெளிவாக இருக்கிறது: மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபியுங்கள். செய்யுங்கள். விரல்நுனியில் ஒரு துளி ஒலிவ எண்ணெய், நெற்றியில், அவ்வளவுதான். கட்டுக்கோ குழாய்க்கோ பக்கத்தில் படவேண்டாம். ஆனால் பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுக்கும்படி 3 தடவை கேட்டார், எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாரும் சொல்வதில்லையே. எசேக்கியா ஜெபித்தான், 15 வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அப்போதும் ஏசாயா பிளவைக்கு அத்திப்பழத்து அடை வைத்துக் கட்டச் சொன்னான், 2 இராஜாக்கள் 20:7. ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றையொன்று இடிக்கவில்லை. ஜெபிக்கிறவர் தானியேல் 3:17, 18ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" நாங்கள் விலகமாட்டோம். முதல் பாதியை விட்டால் கேட்கவே துணிவில்லாத ஜெபம். இரண்டாம் பாதியை விட்டால் அடுத்த மாத இரத்தப் பரிசோதனை வந்த அன்றைக்கு அந்த வீட்டில் விசுவாசமே விழுந்துவிடும்.

இன்னொன்று, சுவரில் மாட்டுகிற வசன அட்டை. நாம் நோயாளி வீட்டுக்கு வாங்கிப்போவது பெரும்பாலும் எரேமியா 29:11. நல்ல வசனம். ஆனால் 10ஆம் வசனத்தைச் சேர்த்து வாசியுங்கள், 70 வருடம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள். அவர்களுக்கு 5ஆம் வசனம்தான் அன்றாட வேலை: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். வாரம் 3 நாள் மிஷினில் கழிகிற ஒரு வாழ்க்கையில் மிச்ச 4 நாளில் எதை நடுவது என்று யோசிக்க 11ஐவிட 5 உதவும்.

88 பற்றி மூப்பர் சொன்னது சரி. சேர்த்து ஒன்று: எபிரெயுவில் அந்தச் சங்கீதத்தின் கடைசிச் சொல் "இருள்". நம் தமிழ் வேதாகமத்தில் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. வாசிக்கிற நாளில் அதோடு நிறுத்திவிடுங்கள், வேறு நல்ல வசனம் எதையும் ஒட்டவேண்டாம். நம்பிக்கை வரி இல்லாமல் முடிகிற ஜெபத்தையும் தேவன் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் என்பது அக்காவுக்குப் போய்ச் சேரவேண்டிய செய்தி.

---

கூலிம் அக்கா

எல்லாரும் அந்த அண்ணனைப் பற்றியே எழுதுகிறீர்கள். கேள்வி கேட்டது அந்தப் பொம்பளையைப் பற்றி.

அவர் "ஜெபம் வரவில்லை" என்று சொன்னால் பதில் வசனம் தேடாதீர்கள். "சரிக்கா, கொஞ்ச நாளைக்கு உங்களுக்காக நாங்கள் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். மாற்கு 2ல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் வாயைத் திறந்ததாகவே இல்லை. தூக்கி வந்த 4 பேர், "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அவருக்கு இப்போது தேவை கட்டிலைத் தூக்க 4 பேர், பாடம் எடுக்க ஆள் இல்லை.

தூக்குவது என்றால் கணக்கோடு தூக்குங்கள். வாரம் 3 தடவை, மாதத்துக்கு 13 தடவை தெலுக் இந்தான். மற்ற 6 குடும்பமும் ஆளுக்கு 2 தடவை எடுத்தால் 12. மிச்சம் ஒன்று பாஸ்டர் தலையில் போடுங்கள். கார் இல்லாதவர்கள் வேன் காசைக் கொடுக்கட்டும், இல்லை, பள்ளி விட்டதும் சின்னவனைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடட்டும். அக்காவுக்கு அந்த 13 நாளும் நாள்சம்பளம் திரும்பக் கிடைக்கும். சின்ன விஷயமா? முதல் மாதம் எல்லாரும் ஓடி வருவார்கள், மூன்றாம் மாதம் பட்டியல் காற்றில் பறந்துவிடும். ஆகவே 3 மாதத்துக்கு மேல் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். 3 மாதம் முடிந்ததும் புதிதாகப் பெயர் எழுதுங்கள், விலகுகிறவர் வெட்கப்படாமல் விலகட்டும். "ஏதாவது வேணும்னா கேளுங்கக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரும் கேட்கமாட்டார்கள். "வியாழக்கிழமை 5 மணிக்கு நான் வண்டியோட வாசல்ல நிற்பேன்" என்று சொல்லுங்கள்.

அண்ணன் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருக்கிறாரா என்று பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தகுதி இருந்தால் டயலிசிஸ் செலவுக்கும், வேலை செய்யமுடியாமல் போனதற்கான பென்ஷனுக்கும் வழி உண்டு. விண்ணப்பப் பாரம் எல்லாம் மலாய், கூடவே டாக்டர் ரிப்போர்ட், ஐசி (அடையாள அட்டை) நகல். பல வீடுகளில் அந்தப் பாரம் மேசை டிராயரிலேயே கிடக்கும், நிரப்பத் தெரியாமல் இல்லை, உட்கார நேரமில்லாமல். குழுவில் மலாய் நன்றாக எழுதுகிற பிள்ளை ஒன்று ஒரு மாலை போய் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஜெபக்குழுவுக்கு இது சம்பந்தமில்லாத வேலை என்று நினைக்காதீர்கள்.

எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தூதன் வேதபாடம் எடுக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, இரண்டாம் தடவை எழுப்பிச் சாப்பிடவைத்தான். பேச்சு எல்லாம் 40 நாள் கழித்து ஓரேபில். அந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சோறு, தூக்கம், அப்புறம்தான் பேச்சு.

சபையில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். கோவிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காரட்டும், பாடாமல் இருக்கட்டும். மாற்கு 9:24ல் அந்தப் பிள்ளையின் தகப்பன் சொன்ன "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்", இந்த ஒரு வரி போதும் அவருக்கு. அதுவும் அவராகச் சொல்ல முடிந்த நாளில்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீடுகளில் இன்னொரு சிக்கல்: நோயில்பூசுதல் (குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு) என்றால் சாகப்போகிறவருக்கு என்று பயந்து சாமியாரைக் கூப்பிடவே மாட்டார்கள். 1972லேயே சடங்கைத் திருத்தியாகிவிட்டது, கடும் நோய் என்றாலே போதும், திரும்பவும் பெறலாம். ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு டயலிசிஸ் நோயாளியை அழைத்து வருகிறவர்கள் கூட்ட நாளைத் தவிர்த்து நொவேனா (திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம்) நாட்களில் ஒன்றில், மிஷின் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.

---

மெலிந்தாங் கேர்செல்

எல்லாருக்கும் நன்றி. பழக்கூடை விஷயம் யாருக்குமே தெரியாது, போன வாரம்கூட இளநீர் 3 போயிருக்கிறது. குழுவுக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு. வீட்டில் திருவிருந்து கொடுத்தால் திராட்சரசம் பரவாயில்லையா? அப்புறம், அண்ணன் 2 தடவை "நான் செத்துட்டா இவங்களுக்கு நிம்மதி" என்று சொல்லியிருக்கிறார். விரக்தியில் சொல்வதா, எப்படி எடுத்துக்கொள்வது?

---

டயாலிசிஸ் நர்ஸ், ஈப்போ

ரசம் அந்தச் சின்னக் கிண்ணத்தில் ஒரு மடக்குதான், பிரச்சினை இல்லை. அப்பத்தை அதில் தோய்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவதை விரக்தி என்று தள்ளாதீர்கள். தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: "அண்ணே, உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டால் பலருக்குப் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில், கொட்டகையில் தோட்டத்து மருந்து, களைக்கொல்லி இருந்தால் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பூட்டுங்கள். அடுத்த டயலிசிஸ் வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அவசரம் என்றால் 999. பேசி உதவி கேட்க பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999. போலீஸ் வந்துவிடும் என்று மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 2023லிருந்து குற்றம் இல்லை.

டயலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு அடிக்கடி வரும், அதற்கு மருந்தும் உண்டு. பாவம் என்று அவரிடம் பேசப்போகாதீர்கள்.

---

லுத்தரன் வாசகன், சுங்கை சிப்புட்

அவர் சொன்னதையே யோபு 3ஆம் அத்தியாயத்திலும் எரேமியா 20:14லிருந்தும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் அதிர்ச்சி காட்டவேண்டாம். அதே நேரம் நர்ஸ் சொன்ன எல்லாவற்றையும் முதலில் செய்யுங்கள், வேதம் வாசிப்பது அப்புறம்.

---

பீடோர் மூப்பர்

மருந்து போத்தல் விஷயத்தை இன்றைக்கே பாருங்கள், வெள்ளிக்கிழமை வரை வைக்கவேண்டாம். இரண்டு ஆம்பிளைகள் மோட்டாரில் போய், "கொட்டகையைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணித் தர்றோம்ணே" என்று கேட்டுவிட்டே எடுக்கலாம். போனதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.

---

மெலிந்தாங் கேர்செல்

போய்வந்தோம். 2 போத்தல், ஒரு பழைய தெளிப்பான் டின், எங்கள் வீட்டுக் கொட்டகையில் பூட்டியாகிவிட்டது. நர்ஸ் சொன்ன கேள்வியைக் கேட்டதற்கு அண்ணன் ஆமாம் என்றுதான் சொன்னார். இன்று இரவு அவருடைய மச்சான் கூடப் படுத்துக்கொள்கிறார். நாளை காலை 7:30க்குக் கிளினிக், வண்டி என்னுடையது.